சோடியம் கர்ணன் அல்ல

வணக்கம். கையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், தெரிகிறதா? நான்கைந்து கல் உப்பு. சமையலறையில் கேட்காமல் எடுத்துவந்தது. இதில் சோடியத்தின் மின்சுமை ப்ளஸ் ஒன்று, குளோரினுடையது மைனஸ் ஒன்று என்று மனப்பாடம் செய்துதான் நாம் எல்லோரும் பரீட்சை எழுதினோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் நேற்றுக் கேட்டுவிட்டாள்: "ஏன் மாமா ஒன்று? இரண்டாக இருந்தால் என்ன?" அதற்காகத்தான் இன்று இந்தக் கரும்பலகை.

சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று மூன்று கூடுகளில் இருக்கின்றன. சாக்பீஸ் உடைந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூட்டில் தனியாக இருக்கிறதே அந்த ஒன்று, அதுதான் இணைதிறன் எலக்ட்ரான். அது போய்விட்டால் மிச்சம் 10. உட்கருவின் 11 புரோட்டானை யாரும் தொடவில்லை. ஆக, ப்ளஸ் ஒன்று. இழந்த பிறகு எப்படி ப்ளஸ் என்று குழம்புகிறவர்கள் புரோட்டானை எண்ண மறந்திருப்பார்கள்.

வெளிக்கூட்டில் எட்டு இருக்க வேண்டும் என்று அணு "ஆசைப்படுகிறது" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கேட்டதும் கழற்றிக் கொடுக்கச் சோடியம் என்ன கர்ணனா? வாயு நிலையில் ஒரு மோல் (டஜன் மாதிரி, அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை) சோடியம் அணுக்களிடமிருந்து தலா ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. அதைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349தான். 147 கிலோஜூல் கைநட்டம்! அந்த நட்டத்தை அடைப்பது இதோ, என் கையிலிருக்கும் படிகம். ப்ளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி நெருங்கி அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளியாகிறது.

சரி, இன்னொன்றையும் பிடுங்கினால்? 4,562 கிலோஜூல். முதலாவதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். அது உள்கூட்டு எலக்ட்ரான். உட்கருவுக்கும் அதற்கும் குறுக்கே இருப்பது இரண்டே எலக்ட்ரான்கள், அதனால் பிடி இறுக்கம். உப்பு உருவாகும்போது கிடைக்கும் ஆற்றல் அந்த விலைக்குக் கட்டாது. அக்கா மகளுக்கு விடை இதுதான்.

மக்னீசியத்தைப் பாருங்கள், வெளிக்கூட்டில் இரண்டு. முதலாவதற்கு 738, இரண்டாவதற்கு 1,451, மூன்றாவதற்கு ஒரே தாவலாக 7,733. ஒன்றோடு நின்றுவிட்டால் மலிவாயிற்றே என்று கேட்கலாம். ஆனால் ப்ளஸ் இரண்டானால் குளோரைடு படிகத்தில் கிடைப்பது 2,500 கிலோஜூலுக்கு மேல். கூடுதல் செலவுக்குக் கூடுதல் வரவு. அலுமினியத்தில் மூன்றுக்குப் பிறகு தாவல், 2,745இலிருந்து 11,577. எத்தனை எலக்ட்ரான் வெளிக்கூட்டில் என்பதே மறந்துபோனாலும், இந்த எண்கள் எங்கே எகிறுகின்றன என்று பார்த்தால் அயனியின், அதாவது எலக்ட்ரானை இழந்த அணுவின், மின்சுமையைச் சொல்லிவிடலாம்.

இரும்பிடம் இந்த வித்தை செல்லாது. இரும்புச்சத்து மாத்திரையின் ஃபெரஸ் சல்பேட்டில் அது ப்ளஸ் இரண்டு, துருவில் ப்ளஸ் மூன்று. அதன் வெளிக்கூடும் அதற்கு உள்ளே எலக்ட்ரான்கள் இருக்கும் 3டி என்ற துணைமட்டமும் ஆற்றலில் அவ்வளவு நெருக்கம். அதற்குத் தனியாக ஒரு காணொளி வேண்டும். உள்ளங்கை வியர்த்து உப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது, கழுவிவிட்டு வருகிறேன்.