தளவாடிக்கு முன்னால நடந்தா விம்பம் எப்பிடி நடக்கும்?

வணக்கம் மக்காள். இண்டைக்குக் கல்லடியில, எங்கட வீட்டு ஹோலுக்குள்ள நிண்டுதான் பேசுறன். ஓஎல், ஏஎல் படிக்கிற புள்ளைகள் கட்டாயம் பாருங்க.

தளவாடி எண்டா தட்டையான கண்ணாடி. அப்பிடிப் பெரிய கண்ணாடி ஒண்டச் சுவரோட சாத்தி வச்சிரிக்கன். கீழ ஒரு அடி டைல். கண்ணாடியில இரிந்து நான் 4 டைல் தள்ளி நிக்கிறன். விம்பம் கண்ணாடிக்குப் பின்னால 4 டைல். இடையில 8. இப்ப ஒரு டைல் முன்னுக்கு வாறன். இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3, இடையில 6. நான் நகர்ந்தது ஒண்டு, குறைஞ்சது ரெண்டு.

இந்த ரெண்டுலதான் புள்ளைகள் புள்ளி விடுறது. கேள்வியில "விம்பத்தின் வேகம்" எண்டு மட்டும் இரிந்தா, நிலத்துக்குச் சார்பா, அதாவது அசையாம நிண்டு பார்க்கிற மாதிரி பாருங்க: நான் v எண்ட வேகத்தில போனா அதுவும் v-லதான் எதிரா வருது. "பொருளுக்குச் சார்பாக" எண்டு கேட்டா மட்டும் 2v; இஞ்ச பொருள் நான்தான். அந்த ஒரு சொல்ல வாசிக்காம விடை எழுதாதீங்க.

சரி, கண்ணாடிக்குச் சமாந்தரமா நடக்கிறன். விம்பம் என்னோடயே வருது, அதே திசை, அதே கதி. எனக்குச் சார்பா அதுக்கு வேகமே இல்ல.

அடுத்தது எனக்கு மிச்சம் விருப்பமான ஒண்டு. கெமராவக் கீழ இறக்கிறன், காலப் பாருங்க. டைல்ட மூலைக்கு மூலை, 45 பாகையில கண்ணாடியப் பார்த்து நடக்கிறன். உள்ளுக்கு இரிக்கிற கால் மற்ற மூலைவிட்டத்தால வருது! ரெண்டு பாதையும் 90 பாகையில வெட்டுது. ஏன்? என்ட வேகத்த ரெண்டு கூறாப் பிரிங்க. கண்ணாடிக்குச் செங்குத்தான கூறு மட்டும் திசை மாறும், சமாந்தரக் கூறு அப்பிடியே இரிக்கும். இது விளங்கினாப் போதும், எந்தக் கோணத்தில கேட்டாலும் செய்யலாம்.

வாவியில காத்து இல்லாத விடியக்காலையில போய்ப் பாருங்க, அங்க தண்ணிதான் கண்ணாடி. மீன்கொத்தி நேர கீழ விழக்க, விம்பம் அடியில இரிந்து அதே வேகத்தில மேல வரும். ரெண்டும் சந்திக்கிறது தண்ணி மட்டத்திலதான். படுக்கையாப் பறந்தா, கூடவே பறக்கும்.

இப்ப கண்ணாடி நகர்ந்தா? நான் 4 டைல்ல அசையாம நிக்கிறன். தம்பி, ஒரு டைல் என்ட பக்கம் தள்ளு... சரி, விடு. இப்ப கண்ணாடிக்கு 3, விம்பத்துக்கு 6. முந்தி 8 இரிந்தது. கண்ணாடி ஒரு அடி, விம்பம் ரெண்டு அடி. கண்ணாடி v-ல வந்தா, இஞ்ச விம்பத்துக்கு நிலத்துக்குச் சார்பாவே 2v. ரெண்டும் நகர்ந்தா, செங்குத்துத் திசையில: கண்ணாடிட வேகத்த இரட்டிச்சு, பொருள்ட வேகத்தக் கழிங்க. குறிய மட்டும் கவனமாப் போடுங்க.

ஒரு கேள்வி தாறன். நான் அசையல்ல, கண்ணாடிய அதே சுவரோட பக்கவாட்டில இழுக்கிறம். விம்பம் எந்தப் பக்கம் போகும்? செய்து பார்த்துட்டு, காரணத்தோட கொமெண்ட்ல எழுதுங்க.