ஏற்காட்டு உயரத்தில் ஒலிச்செறிவு மைக்குகளை அளவுத்திருத்தம் செய்தல்

வணக்கம் நண்பர்களே. சேலத்து விசைத்தறிக் கூடங்களில் நான் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒலிச்செறிவு புரோப் இது; ஒலியாற்றல் எந்தத் திசையில் எவ்வளவு பாய்கிறது என்பதை இரு மைக்குகளைக் கொண்டு அளக்கும் கருவி. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் ஒன்றின் இரைச்சலை அளப்பதற்காக இதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அளப்பதற்கு முன், மைக்குகளை அளவுத்திருத்தம் செய்யும்போது பிழைகள் எந்த வழியாக நுழைகின்றன என்பதைப் பார்ப்போம்.

முதலில் காற்றழுத்தம். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அங்கே 98 கிலோபாஸ்கல் அளவில் உள்ள வளிமண்டல அழுத்தம் இங்கே 85 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மைக்கைச் சரிபார்ப்பதற்காகத் தெரிந்த அளவு ஒலியைத் தரும் கருவியான பிஸ்டன்ஃபோன் எழுப்பும் ஒலியழுத்தம் அதனுள் அடைபட்ட காற்றின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், கடல்மட்டத்தில் 124 டெசிபல் தரும் கருவி இங்கே ஏறத்தாழ 122.5 டெசிபல்தான் தரும். இதை அறியாமல் திரையில் 124 வரும்வரை திருத்தினால், அதன்பின் அளப்பவை அனைத்தும் ஒன்றரை டெசிபல் கூடுதலாகவே வரும்.

இந்தத் திருத்தத்துக்குக் கைபேசியின் வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டுக் கூறப்படும் மதிப்பு. மலையுச்சியில் நின்றாலும் 1,010 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியே காட்டும். நிற்கும் இடத்திலேயே அளக்கும் பாரமானிதான் வேண்டும்.

அடுத்தது, ஒலிச்செறிவுக்கே உரிய பிழை. இரு மைக்குகளின் அழுத்த வேறுபாட்டிலிருந்து காற்றுத்துகளின் திசைவேகத்தைக் கணக்கிடும்போது, கருவி காற்றின் அடர்த்தியால் வகுக்கிறது. கடல்மட்டத்தில் கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் இருக்கும் அடர்த்தி இங்கே 1.0 அளவில் உள்ளது. பழைய மதிப்பை அப்படியே விட்டுவிட்டால் செறிவு முக்கால் டெசிபல் குறைவாக வரும். முந்தைய பிழை மேலே தள்ள, இது கீழே இழுக்க, பாதி மறைந்துபோன பிழை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்பதால் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

ஆனால் டெசிபல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இந்த மைக்குகள் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் முகத்துக்கு முகம் நிற்கின்றன. 100 ஹெர்ட்ஸ் ஒலி இவற்றின் அச்சு வழியே நேராகச் செல்லும்போது இரண்டுக்கும் இடையில் உண்டாகும் கட்ட வேறுபாடு, அதாவது அலை ஒரு மைக்கைவிட மற்றதற்குப் பிந்தி வருவதன் அளவு, வெறும் 1.26 பாகை. தகரக் கூரையின்கீழ் எதிரொலிக்கும் கூடத்தில், செறிவு மட்டம் அழுத்த மட்டத்தைவிட 10 டெசிபல் தாழ்ந்துவிட்டால், அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி 0.13 பாகையாகிவிடும். அப்போது மைக்குகளுக்குள்ளேயே 0.1 பாகைப் பொருத்தமின்மை இருந்தால், உண்மையான செறிவை அது ஏறக்குறைய விழுங்கிவிடும், அல்லது இரட்டிப்பாக்கிவிடும். ஒவ்வொரு மைக்காகச் செருகிச் சரிபார்க்கும் கருவியால் இந்தப் பிழையைக் காட்டவே முடியாது. இரண்டையும் ஒரே கப்ளரில், அதாவது மைக்குகளைச் செருகும் சிறிய மூடிய அறையில் வைத்து, ஒரே அழுத்தத்தையும் ஒரே கட்டத்தையும் கொடுத்து, சுழியாக இருக்க வேண்டிய செறிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் பார்க்க வேண்டும்.

இங்கே கவனியுங்கள்: கப்ளரின் ரப்பர் வளையத்தில் ஓரிடத்தில் தூசி ஒட்டியிருக்கிறது. அந்தச் சிறு கசிவு தாழ்ந்த அதிர்வெண்களில் அழுத்தத்தைக் குறைத்து, கட்டத்தையும் மாற்றிவிடும். ஏற்காட்டு மூடுபனியும் அப்படித்தான். குளிர்ந்த மைக்கை ஈரக்காற்றில் திறந்தால் மென்தகட்டின் மேல் நீர் படிந்து, சடசடப்பு இரைச்சல் உள்ளே புகும். ஆகவே உறையிலிருந்து எடுத்ததும் தொடங்காமல், கருவி கூடத்தின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கிறேன்.

கடைசியாக, இயந்திரத்தின் முன் புரோபை நிறுத்தி ஓர் அளவு எடுத்தபின், நடுப்புள்ளி நகராமல் அதை 180 பாகை திருப்பி மீண்டும் அளக்கிறேன். கூட்டல், கழித்தல் குறி மாற வேண்டும், அளவு மாறக்கூடாது. இரண்டுக்கும் இடையில் 1.5 டெசிபலுக்கு மேல் வேறுபாடு வந்தால் பல்பரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடியும் கப்ளரிலிருந்தே தொடங்குவேன்.