எட்டாவது பெயர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் இருக்கும் பெரியவர்களே, மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

படிகவியல் அறிஞர் டோரதி ஹாட்ஜ்கினின் வாழ்நாள் சாதனை எது? ஒரு பொருளின் படிகத்தில் எக்ஸ்ரே செலுத்தி, அதன் மூலக்கூறில் அணுக்கள் எப்படி அடுங்கியிருக்கின்றன என்ற வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அப்படி அவர் கண்ட வடிவங்களில், நோபல் பரிசு வாங்கித் தந்த பெனிசிலினும் வைட்டமின் பி12உமா, பரிசு வந்த பிறகு முடிந்த இன்சுலினா? இதுதான் தலைப்பு. நான் இன்சுலின் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போனார். உலகப் போர்க் காலத்தில் உயிர் காத்தது பெனிசிலின், அதைவிடப் பெரிது எது என்றார். 1964இல் நோபல் குழுவே தீர்ப்பு சொல்லிவிட்டது, நாம் ஏன் மாற்ற வேண்டும் என்றார். அப்புறம், இன்சுலின் 1922 முதலே நோயாளிகளுக்குக் கிடைத்தது, அதன் வடிவம் 1969இல் தெரிந்து யாருக்கு என்ன லாபம், அதுவும் ஒரு குழு சேர்ந்து செய்த வேலைதானே என்றார்.

பெனிசிலினை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதன் நடுவில் நான்கு அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம் இருக்கிறது என்று டோரதி 1945இல் காட்டியபோது, பெரிய வேதியியலாளர்களில் சிலர் ஏற்க மறுத்தார்கள். ராபர்ட் ராபின்சன் வேறு வடிவத்துக்கே வாதாடினார். படிகம் என்ன காட்டியதோ அதைத்தான் டோரதி சொன்னார். அதுதான் சரியாகவும் இருந்தது. ஆனால் நடுவர் அவர்களே, பெனிசிலினுக்குப் பின்னால் ஒரு போர் இருந்தது. மருந்து வேண்டும் என்று இரண்டு நாடுகள் விரட்டிக்கொண்டிருந்தன. பி12 படிகம் 1948இல் கிளாக்ஸோ நிறுவனத்தின் லெஸ்டர் ஸ்மித்திடமிருந்து வந்தது. அதற்கும் வெளியே போட்டியாளர்கள் இருந்தார்கள். இன்சுலினின் வடிவத்துக்காக யாரும் வாசலில் நின்று கேட்கவில்லை. கெடு எதுவும் இல்லை. டோரதி மட்டும் அதை விடவில்லை.

அது தொடங்கிய ஆண்டைப் பாருங்கள். 1934. டோரதிக்கு 24 வயது. கேம்பிரிட்ஜில் படிகவியலாளர் பெர்னாலிடம் பயின்றுவிட்டு ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பியிருக்கிறார். கைமூட்டுகள் வீங்கி வலிக்கின்றன, முடக்குவாதம் என்று மருத்துவர் சொல்கிறார். மிக நுண்ணிய படிகங்களைக் கையாண்டு வாழவேண்டிய ஒரு பெண்ணுக்கு, விரல்களில் நோய். அதே ஆண்டில் ராபர்ட் ராபின்சன், ஆமாம், பின்னாளில் பெனிசிலினில் எதிர்த்து நின்ற அதே ராபின்சன், கொஞ்சம் இன்சுலின் படிகம் கொடுக்கிறார். அது படம் எடுக்க முடியாத அளவுக்குப் பொடி. டோரதி அதைக் கரைத்து, மறுபடி மெதுவாக வளர்த்து, பெரிய படிகமாக்கி எக்ஸ்ரே கதிரில் வைத்தார். இரவு பத்து மணி சுமாருக்குப் படத்தைக் கழுவிப் பார்த்தால், நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள். என் வாழ்க்கையிலேயே மிகப் பரவசமான நேரம் அநேகமாக அதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நோபல் குழுவின் தீர்ப்பை எடுத்துக்காட்டிய தோழிக்கு என் பதில் இது. பரிசு கொடுத்தவர்கள் சொன்னதைக் கேட்டீர்கள். பரிசு வாங்கியவர் சொன்னதையும் கேளுங்கள்.

1935இல் அந்தப் படம் வெளியானது. வடிவம் தெரிந்தது 1969இல். ஏன் அவ்வளவு காலம்?

தெப்பக்குளத்தில் யாரோ கல் எறிகிறார்கள். எறிந்ததை நீங்கள் பார்க்கவில்லை. படிக்கட்டில் வந்து மோதும் அலைகளை மட்டும் பார்க்கிறீர்கள். எத்தனை கல், எங்கெங்கே விழுந்தது என்று சொல்லவேண்டும். எக்ஸ்ரே படிகவியலின் வேலை கிட்டத்தட்ட அதுதான். கற்கள் அணுக்கள், அலைகள் எக்ஸ்ரே கதிர்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலை எவ்வளவு உயரம் என்பதைப் படம் காட்டும், எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்பதைக் காட்டாது. பாதித் தகவல் தொலைந்துவிடும். பெனிசிலினில் 41 அணுக்கள். பி12இல் 181. இன்சுலினில் 780க்கும் மேல். 1935இல் இதைக் கணக்கிடக் கணினி கிடையாது. கன உலோக அணுக்களைப் புரதப் படிகத்துக்குள் செலுத்தி, தொலைந்த பாதியை மீட்கலாம் என்று மேக்ஸ் பெரூட்ஸ் காட்டியதே 1953 வாக்கில்தான்.

அதுவரை டோரதி சும்மா இருக்கவில்லை. கொலஸ்ட்ரால், பெனிசிலின், பி12 என்று ஒவ்வொன்றாக முடித்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அந்த ஒவ்வொரு வேலையிலும் அவரும் அந்தத் துறையும் கற்ற பாடம் இன்சுலினுக்கு வந்து சேர்ந்தது. எதிரணி தனித்தனியாக எண்ணிக்காட்டிய வெற்றிகளை நான் இந்த ஒரே நீண்ட பாதையின் படிகளாகப் பார்க்கிறேன்.

1964இல் பரிசுச் செய்தி வந்தபோது அவர் கணவரோடு கானாவில் இருந்தார். வயது 54. வேதியியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண். விரல்கள் நன்றாகவே கோணியிருந்தன. போதும் என்று சொல்லியிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? அவர் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி இன்சுலினைத்தான் கையில் எடுத்தார். ஐந்து ஆண்டுகளில் வடிவம் கிடைத்தது. அப்போதும் நிறுத்தவில்லை. பெய்ஜிங்கில் ஒரு குழு தனியாக இன்சுலின் வடிவத்தைக் கண்டபோது, நேரில் போய் இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, அவர்கள் வேலையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். இன்னும் துல்லியமான வடிவம் 1988இல் வெளியானது. அப்போது அவருக்கு 78 வயது.

சரி, யாருக்கு என்ன லாபம்? என் பெரியப்பா பல வருடங்கள் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஊசி போட்டுக்கொண்டு, இலை முன்னால் காத்திருப்பார். இன்று அவர் உட்காரும்போதே போட்டுக்கொள்கிறார். காரணம் இந்த வடிவம்தான். இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கின்றன என்று டோரதியின் படிகம் காட்டியது. ஊசி போட்ட இடத்தில் அந்தக் கட்டு பிரிந்தால்தான் மருந்து ரத்தத்தில் சேரும். தாமதம் அங்கேதான். எந்த இடத்தில் கைகோக்கின்றன என்று தெரிந்ததால், அந்த இடத்தில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, சீக்கிரம் பிரியும் இன்சுலினைச் செய்தார்கள். லிஸ்ப்ரோ என்ற பெயரில் 1996இல் அது வந்தது. இரண்டாண்டுக்கு முன்பே டோரதி காலமாகிவிட்டார். பெரியப்பாவுக்கு அவர் பெயர் தெரியாது. நான் சொன்னேன். எழுதிக் கொடு என்று வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக, குழு வேலை என்ற குற்றச்சாட்டு. ஆமாம், குழுதான். கய் டாட்சன், எலினார் டாட்சன், டாம் புளண்டெல், மார்கரெட் ஆடம்ஸ், நம் நாட்டிலிருந்து போன எம். விஜயன் என்று இளைஞர் பட்டாளம். 1935இல் நேச்சர் இதழில் வந்த முதல் இன்சுலின் கட்டுரையில் டோரதியின் பெயர் மட்டும் இருந்தது. 34 ஆண்டுகள் கழித்து அதே நேச்சரில் விடை வந்தபோது பத்துப் பெயர்கள் இருந்தன. அந்தக் கேள்வியை இளம் வயதில் தொட்டு, அதற்காக ஒரு கூட்டத்தையே வளர்த்து, அதற்குள் நோபலும் வாங்கிவிட்டவர், தன் பெயரை எங்கே வைத்தார் தெரியுமா? எட்டாவது இடத்தில்.

நன்றி, வணக்கம்.