வெப்பமானி இரசம், கையுறையில் பட்ட துளி, நாம் சாப்பிடுற மீன்: ஒரு மாணவரின் சந்தேகம்

வணக்கம். மூதூரில இருந்து உயர்தரம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேர், சின்ன வயசில உடைஞ்ச வெப்பமானியில இருந்த இரசத்தைக் கையில உருட்டி விளையாடியிருக்கிறன். கையுறையில சில துளி பட்டு ஒரு விஞ்ஞானி செத்துப்போனதா வீடியோ ஒண்டு பார்த்தன். எனக்கும் ஏதும் ஆகுமா? மீனிலயும் அதே இரசம்தானாம், உண்மையா?"

தம்பி, முதல்ல பயத்தை விடுங்க. நீங்க தொட்டது உலோக இரசம், அதாவது பாதரசம். அது தோலால உள்ள போறது மிகக் குறைவு. விழுங்கினாலும் குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும். அதில ஆபத்து ஆவிதான். மூச்சோட போற ஆவியில 80 வீதமளவு உடம்பில தங்கிரும். அதனால வெப்பமானி உடைஞ்சா தும்புத்தடியால கூட்டாதீங்க, குண்டு குண்டாச் சிதறி இன்னும் கூட ஆவியாகும். யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியில அனுப்பி, கடதாசியால ஒதுக்கி, மூடியுள்ள போத்தல்ல போடுங்க.

வீடியோவில வந்தது வேற பொருள். அது டைமெதைல்மேர்க்கூரி. ஒரு இரச அணுவோட ரெண்டு மெதைல் கூட்டம் (ஒரு காபனும் மூண்டு ஐதரசனும் சேர்ந்தது) நேர்கோட்டில பிணைஞ்சிருக்கும். நிறமில்லாத திரவம். ஒரு லீற்றர் எடுத்தா கிட்டத்தட்ட 3 கிலோ நிறை இருக்கும், ஆனா 93 பாகை செல்சியசிலயே கொதிச்சிரும். அறை வெப்பநிலையிலயே நல்லா ஆவியாகும், தீயும் பிடிக்கும். லேசா இனிப்பு வாசம் எண்டு எழுதியிருக்கிறாங்க. அந்த வாசம் தெரியிற அளவுக்குப் பக்கத்தில நிண்டா அதுவே நஞ்சுதான். தண்ணியில கரையாது, கொழுப்பில கரையும். அதாலதான் றப்பர், பிளாத்திக்கு, தோல் எல்லாத்தையும் ஊடுருவிப் போகுது.

அந்த விஞ்ஞானி கரென் வெட்டர்ஹான். அமெரிக்காவில டாட்மத் கல்லூரியில பேராசிரியர். உலோகங்களின் நச்சுத்தன்மைதான் அவவின்ர ஆராய்ச்சியே. 1996 ஓகஸ்ட் 14, காற்றை உறிஞ்சி வெளியேற்றுற கூண்டுக்குள்ள கையை வச்சு, லேற்றெக்ஸ் எண்ட றப்பர் கையுறை போட்டு, முறைப்படிதான் வேலை செய்தா. சில துளி கையுறையில விழுந்தது. பிறகு சோதிச்சுப் பார்த்தா, அந்த மாதிரிக் கையுறையை இது 15 செக்கனுக்குள்ள கடந்திருது.

என்னை உலுக்குறது அதுக்குப் பிறகு நடந்ததுதான். நோவில்லை, எரிவில்லை, தோலில ஒரு தடயமும் இல்லை. மாதக்கணக்கா அவ வழமை போல வேலை செய்தா. 1997 ஜனவரியில நடை தடுமாறி, பேச்சுக் குழறி, பார்வையும் காது கேக்கிறதும் குறைஞ்சது. இரத்தத்தில லீற்றருக்கு 4000 மைக்கிரோகிராம் இரசம். 200 வந்தாலே நஞ்சு எண்டு கணக்கு. இரசத்தை வெளியேற்ற மருந்து குடுத்தாங்க, ஆனா மூளை ஏற்கனவே அழிஞ்சிட்டுது. சில வாரத்தில கோமா. யூன் 8, 48 வயசில காலமானா.

அது மூளைக்குள்ள எப்பிடிப் போகுது? உடம்புக்குள்ள போன டைமெதைல்மேர்க்கூரி, ஒரு மெதைலை இழந்து மெதைல்மேர்க்கூரியா மாறும். அது சிஸ்டீன் எண்ட அமினோ அமிலத்தோட ஒட்டினா, பார்வைக்கு மெதியோனின் எண்ட இன்னொரு அமினோ அமிலம் மாதிரி ஆயிரும். மூளையின் காவல் சுவரில மெதியோனினுக்குத் திறக்கிற கதவு இதுக்கும் திறக்கும். டைமெதைல்மேர்க்கூரியை 1858இலேயே தயாரிச்சிட்டாங்க. 1865இல லண்டன் ஆய்வுகூடமொண்டில இதோட வேலை செய்த உதவியாளர்கள் நோயாகி, ரெண்டு பேர் இறந்தாங்க. நூறு வருசத்துக்கு முந்தியே தெரிஞ்ச நஞ்சுக்கு லேற்றெக்ஸ் காணாது எண்டதை ஒரு உயிர் போன பிறகுதான் உலகம் சோதிச்சுப் பார்த்தது, அதுதான் எனக்குத் தாங்க முடியாத விசயம். இப்ப அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிறுவனம், முடிஞ்சா இதைப் பாவிக்கவே வேணாம், பாவிச்சா பல அடுக்குப் படலக் கையுறைக்கு மேல இன்னொரு தடிச்ச கையுறை போடுங்க எண்டு சொல்லுது. உங்கட பாடசாலை ஆய்வுகூடத்தில இது இருக்காது.

இனி மீன். மீனில இருக்கிறது ஒரு மெதைல் உள்ள மெதைல்மேர்க்கூரி. சேற்றில இருக்கிற பக்ரீரியாக்கள் இரசத்தை அப்பிடி மாத்தும். சின்ன மீனைப் பெரிய மீன் திண்ணத் திண்ண அளவு ஏறிக்கொண்டே போகும். யப்பானில மினமாட்டா குடாவில தொழிற்சாலைக் கழிவால இது நடந்து, 1956இல வெளியில வந்தது. பாதிக்கப்பட்டது நம்மட கொட்டியாரக் குடாச் சனம் மாதிரி மீனை நம்பிச் சீவிச்ச சனம்தான். நம்ம கடல் அப்பிடி எண்டு நான் சொல்லவில்லை. சாளை, சூடை, நெத்தலி, கும்பளா நல்லாச் சாப்பிடுங்க, இரசம் குறைவு. பெரிய சுறாவும் வாள்மீனும் கர்ப்பிணிகள், பால் குடுக்கிற தாய்மார், சின்னப் பிள்ளைகளுக்கு வேணாம். பிள்ளை பெத்த வீட்டில சுறா வறை குடுக்கிறது நம்மட வழக்கம், தெரியும். குடுக்கிறதெண்டா சின்னப் பால்சுறாவா, இடைக்கிடை குடுங்க. கூட நேரம் அவிச்சா, பொரிச்சாப் போயிரும் எண்டு நினைக்காதீங்க அக்காமார், அது சதையின் புரதத்தோட ஒட்டியிருக்கு, சமையலில போகாது.