மேல் ஓட்டையில் பேனா

வணக்கம் நேயர்களே. நான் கோலாலம்பூரில் வயரிங் வேலை பார்ப்பவன். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் பிறகு, எனக்கு முதலில் பேனாவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் நடக்கிறதுதான். இணையத்தில் மலிவாக வாங்கிய சார்ஜர் இரண்டு உருண்டைக் கால் ப்ளக்கோடு வரும், நம் சாக்கெட்டிலோ மூன்று பட்டை ஓட்டை. மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அழுத்தினால் கீழே இரண்டும் திறந்துகொள்ளும், செருகிவிடலாம். செந்தூலில் ஒரு வீட்டில் இதற்கென்றே ரீஃபில் கழற்றிய பேனாவை நூலில் கட்டி, சாக்கெட் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தார்கள்! "நல்லாத்தானே வேலை செய்யுது தம்பி" என்றார் அந்த அக்கா. செய்யும்தான். ப்ளக்கை உருவிக் காட்டினேன். கால் ஓரம் கறுத்து, பிளாஸ்டிக் இளகி, கருவாடு சுட்ட மாதிரி ஒரு நாற்றம்.

மேல் கால் எர்த். அது நீளமாக இருப்பதால் முதலில் உள்ளே போய்க் கீழ் ஓட்டைகளின் மூடியைத் திறக்கும், பிள்ளைகள் கம்பியை விட்டால் கரண்ட் படாமலிருக்க வைத்த மூடி அது. உருண்டைக் கால் பட்டைப் பிடியில் சரியாக உட்காராது, தளர்ந்த இடத்தில் சூடேறும். அப்புறம் பியூஸ். நம் மூன்று கால் ப்ளக்கைத் திறந்தால் உள்ளே ஓர் அங்குலக் குழாய் மாதிரி இருக்குமே, அந்த உருண்டைக் கால் ப்ளக்கில் அது கிடையாது. மெயின் போர்டு சுவிட்ச் 20, 32 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும், அதற்குள் சார்ஜரின் மெல்லிய வயர் எரிந்தே போகும். பியூஸ் இருக்கிற ப்ளக்கிலும் கவனம் வேண்டும், டேபிள் ஃபேனுக்கு 3 ஆம்பியர் போதும், கெட்டிலுக்குத்தான் 13, கையில் கிடைத்ததை எல்லாம் போடாதீர்கள். வாங்கும்போதே சிரிம் முத்திரை, அதாவது மலேசியாவின் தரச் சான்று முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், பேனா வேண்டாம், சாப்ஸ்டிக்கும் வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பிரிட்ஜ் இன்னொரு நாள். வாட்டர் ஹீட்டர் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆர்சிடி என்பது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச், ஈரத் தரை உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத ஆர்சிடி இருக்க வேண்டும் என்பது 1994 மின்சார விதி. அதில் டெஸ்ட் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் சரி. விழவில்லையா, ஹீட்டரை அணைத்துவிட்டு, வயர்மேன் வந்து பார்க்கும்வரை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள்.