போட்டோவுக்கு எந்த முகம்?

[காட்சி: ஒரே பெண்ணின் இரண்டு படங்கள், அருகருகே]

இந்த இரண்டு படங்களையும் பாருங்கள். ஒரே பெண், ஒரே காட்டன் சேலை, ஒரே விளக்கு. எடுத்த நேரத்தில் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. இடது பக்கம் இருப்பவரிடம் வருமான வரிக் கணக்கை நம்பிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. வலது பக்கம் இருப்பவரைப் பார்த்தால் யாரோ வற்புறுத்தி உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. சிரிப்பில்தான் வித்தியாசம் என்று நினைப்பீர்கள்.

[காட்சி: இரண்டு படங்களிலும் கண்கள்மேல் கறுப்புப் பட்டை விழுகிறது]

இப்போது பாருங்கள். கண்ணை மறைத்ததும் இரண்டு படமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. வாய் இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் விரிந்திருக்கிறது.

லிங்க்ட்இன்னுக்கோ, கிளினிக் போர்டுக்கோ, கம்பெனி இணையதளத்துக்கோ படம் எடுக்கப் போகிறவர்கள் சட்டையைப் பற்றி யோசிக்கிறார்கள், பின்னணி நிறத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். முகத்தை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எந்த முகபாவம், யாருக்காக, அதை எப்படி வரவழைப்பது? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: கைப்பேசித் திரையில் வேகமாக நகரும் முகங்கள்]

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், ஆமாம். 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜனைன் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் இருவரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களைப் பத்தில் ஒரு வினாடி மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். அதே முகங்களை வேறு ஆட்கள் ஆற அமரப் பார்த்துச் சொன்ன பதிலோடு ஒப்பிட்டால், இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது பதில் பெரிதாக மாறவில்லை. பதில் சொன்னவர்களின் உறுதிதான் கூடியது. அந்தத் தீர்ப்பு சரியானது என்று ஆய்வு சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள். பத்தில் ஒரு வினாடியில் யாருடைய நேர்மையையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனாலும் பார்ப்பவர் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உங்கள் படத்துக்குக் கீழே இருக்கும் பட்டத்தையும் அனுபவத்தையும் அவர் அதற்குப் பிறகுதான் படிக்கிறார்.

[காட்சி: கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட பழைய குடும்பப் படங்கள்]

கேமராவைப் பார்த்ததும் நாம் விறைத்துப்போவது ஏன்? கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா, பாட்டி படங்களில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் உட்கார வேண்டும், அதனால்தான் என்பார்கள். அது பாதிதான் உண்மை. மதராஸில் 1856-லேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தலைமுறைக்குப் பல வினாடிகள் அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்து வைப்பது கஷ்டம். ஆனால் 1930-களில் மவுண்ட் ரோட்டு ஸ்டுடியோவுக்குப் போன தாத்தாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. படம் எடுப்பதே அபூர்வம், அதற்குக் காசும் ஆகும், எடுத்தது ஆயுசுக்கும் சுவரில் நிற்கப் போகிறது; அதனால் அதற்குரிய கம்பீரத்தோடு உட்கார்ந்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் நமக்கு முதுகு நிமிர்ந்து உதடு ஒட்டிக்கொள்வதில் அந்த வழக்கத்தின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

[காட்சி: முகத் தசைகளின் கோட்டோவியம், கன்னத்துத் தசையும் கண் வளையத் தசையும் நிறம் மாறுகின்றன]

இப்போது கண் விஷயத்துக்கு வருவோம். 1862-இல் துஷென் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், முகத் தசைகளில் மின்சாரம் செலுத்தி, எந்தத் தசை எந்த பாவத்தை உண்டாக்குகிறது என்று படம் பிடித்து வெளியிட்டார். வாயோரத்தை மேலே தூக்குவது கன்னத்து எலும்பிலிருந்து இறங்கும் ஒரு தசை. அது நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. உள்ளே உண்மையான மகிழ்ச்சி இருந்தால்தான் அது அசையும், கட்டளைக்குப் பணியாது என்றார் துஷென். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பின்னாளில் அப்படிப்பட்ட சிரிப்புக்கு துஷென் பெயரையே வைத்தார். துஷென் சொன்னது முழுக்கச் சரியில்லை. கண்ணோரத்தையும் வேண்டுமென்றே சுருக்கிச் சிரிக்கப் பலரால் முடியும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்க, ஃபிளாஷுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது அவ்வளவு சுலபத்தில் வராது.

ஆகவே "கொஞ்சம் சிரிங்க சார்" என்று போட்டோகிராபர் சொன்னால், கேட்பது முகத்தின் கீழ்ப்பாதி மட்டும்தான். மேல்பாதி "எப்போது முடியும்?" என்று பார்த்துக்கொண்டிருக்கும். "சீஸ்" சொல்லச் சொல்வதும் இதே கதை. ஈகாரம் உதட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். கன்னம் மேலே ஏறாது.

[காட்சி: பாரிமுனை, உயர் நீதிமன்றக் கட்டடம், அடுத்து ஒரு குழந்தை மருத்துவரின் அறை, அடுத்து ஓஎம்ஆர் அலுவலகக் கட்டடங்கள்]

எப்படி முகத்தை வைப்பது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள், அப்போது அவர்கள் என்ன நிலையில் இருப்பார்கள்?

உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீலைத் தேடி வருபவர், அண்ணனை ராத்திரி போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்ற பதற்றத்தில் வருவார். பல் தெரியச் சிரிக்கும் முகம் அவருக்கு எரிச்சலைத்தான் தரும். மூடிய உதடு, நிதானமான பார்வை, "சொல்லுங்க, கேட்கிறேன்" என்கிற கண்: அவருக்கு வேண்டியது அது. குழந்தை மருத்துவருக்கு இது நேர் எதிர். ஜுரத்தில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படத்தைப் பார்க்கும் அம்மாவுக்கு இந்த டாக்டர் திட்டமாட்டார் என்று தெரிய வேண்டும். அங்கே பல் தெரியலாம், கன்னமும் தாராளமாக மேலேறலாம். தி.நகர் ஆடிட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில். ஓஎம்ஆரில் வேலை தேடும் பையனின் படத்தைப் பார்ப்பவர் ஒரே நாளில் நூறு முகம் பார்க்கும் எச்.ஆர். அதிகாரி, இவனோடு ஒரே டீமில் தினமும் உட்கார முடியுமா என்பதுதான் அவர் மனதில் ஓடும் கேள்வி. அங்கே லேசான, கண்ணோடு சேர்ந்த சிரிப்பு போதும்.

2017-இல் நுகர்வோர் நடத்தை பற்றிய ஓர் ஆய்விதழில் வெளியான கட்டுரை இதைச் சோதித்தது. வாய் நிறையச் சிரித்தவரை அன்பானவர் என்று மதிப்பிட்டவர்கள், அவருடைய திறமைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். லேசாகச் சிரித்தவருக்கு இது தலைகீழாக நடந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் எந்தப் பக்கம், பள்ளி ஆசிரியர் எந்தப் பக்கம் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஸ்டுடியோவில் ஆண் வக்கீலிடம் "கம்பீரமா இருங்க சார்" என்பவர், பெண் வக்கீலிடம் "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்பார். அப்படிச் சொன்னால் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் கட்சிக்காரர் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "எனக்கு வாய் மூடிய முகம்தான் வேணும், அப்படியே எடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

[காட்சி: ஸ்டுடியோ உள்ளே. குடை லைட், ஸ்டூல், பின்னால் சாம்பல் நிற ஸ்கிரீன்]

சரி, முகம் முடிவாகிவிட்டது. அதை எப்படிக் கொண்டுவருவது? கண் அவ்வளவு சுலபத்தில் கட்டளைக்குக் கேட்காது என்றோம். அதனால் கண்ணுக்குக் கட்டளை இடாதீர்கள்; பார்ப்பதற்கு ஓர் ஆளைக் கொடுங்கள். லென்ஸுக்குள் கண்ணாடி இருக்கிறது என்று நினைக்காமல், உங்களைத் தேடி வந்த அந்த ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் அந்தப் பதற்றக்காரத் தம்பியைப் பார்க்கட்டும். டாக்டர் அந்தப் பிள்ளையைப் பார்க்கட்டும். முடிந்தால் வாய்விட்டே பேசுங்கள்: "வாங்க, உட்காருங்க, என்ன விஷயம்?" பேசி முடித்து வாய் மூடும் அந்தக் கணத்தில் கிளிக் பண்ணச் சொல்லுங்கள். தினமும் வேலையில் தானாக வரும் முகம் அங்கேதான் கிடைக்கும். கூட வந்த நண்பரை போட்டோகிராபரின் தோளுக்குப் பின்னால் நிற்க வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொல்வதும் நல்ல வழி. ஆனால் ஜோக் சொல்லச் சொல்லாதீர்கள். ஜோக்குக்கு வரும் சிரிப்பு கல்யாண ஆல்பத்துக்குத்தான் சரி.

அப்புறம் சில உடம்பு விஷயங்கள். கிளிக்குக்கு முன்னால் மூச்சை வாய் வழியாக விடுங்கள். மூச்சைப் பிடித்தால் கழுத்து நரம்பு தெரியும், பல்லைக் கடித்தால் தாடை எலும்பு புடைக்கும். கண்ணை மூடி, போட்டோகிராபர் மூன்று எண்ணியதும் திறந்தால், வெறித்த பார்வை போய்விடும். கீழ் இமையை மட்டும் இம்மியளவு மேலே தூக்கப் பழகுங்கள். அகல விழித்த கண் பயந்தது போலவும், கீழ் இமை சற்று ஏறிய கண் தன் மேல் நம்பிக்கை உள்ளவர் போலவும் தெரியும். வீட்டில் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகினால் பெரும்பாலும் வந்துவிடும். மேல் இமையையும் சேர்த்து இறக்கினால் தூக்கக் கலக்கம்தான் தெரியும்.

[காட்சி: ஒரே முகம், தாடை மூன்று நிலைகளில்]

நம் ஸ்டுடியோக்களில் ரொம்பப் பிரியமான கட்டளை ஒன்று உண்டு: "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க." இரட்டைத் தாடையை மறைக்கத்தான் சொல்கிறார்கள், நோக்கம் நல்லதே. ஆனால் தலை குனியக் குனியப் புருவங்கள் நடுவில் சரிந்து ஆங்கில எழுத்து 'வி' போலத் தெரிய ஆரம்பிக்கும்; முகத்தில் ஒரு தசைகூட அசையாமலேயே கோபக்காரர் ஆகிவிடுவீர்கள். தாடையை ஆமை போல முதலில் முன்னால் நீட்டி, பிறகு லேசாக இறக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கோமாளித்தனமாக இருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தாடைக்கோடு மட்டும் தெளிவாக விழும். கேமரா உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். கீழிருந்து எடுத்தால், எவ்வளவு பணிவான ஆளும் மேடையில் நிற்கும் அரசியல்வாதி போல ஆகிவிடுவார்.

[காட்சி: நடுப்பகல் மெரினா, பிறகு மர நிழலில் அதே முகம்]

வெளிச்சமும் முகபாவத்தை மாற்றும். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் மெரினாவில் நிற்க வைத்தால் புருவம் நெரியாமல் இருக்காது. பார்ப்பவருக்கு அது வெயில் என்று தெரியாது, எரிச்சல் என்றுதான் தெரியும். வீட்டு டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றால் கண் குழிக்குள் நிழல் விழும். அப்போது கண் என்ன செய்தாலும் வீண். காலையில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், கருவிழியில் ஜன்னலின் ஒளிப்புள்ளி விழும், கண் உயிரோடு தெரியும். வெளியில்தான் வேண்டும் என்றால் மர நிழல், காலை எட்டு மணிக்குள். சென்னை வியர்வைக்கு ஒரு டிஷ்யூ கையில் இருக்கட்டும். நெற்றியும் மூக்கும் மினுங்கினால் பார்வை கண்ணுக்குப் போகாது.

கையை நீட்டிச் செல்ஃபி எடுப்பது இந்த வேலைக்கு ஆகாது. 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் ஒரு மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்து அடியாவது தள்ளி நின்று, ஜூம் வைத்து இன்னொருவர் எடுக்கட்டும்.

[காட்சி: கணினித் திரையில் வரிசையாகப் படங்கள்]

எடுத்த பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 1977-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒருவருடைய சாதாரணப் படத்தையும், அதையே இட வலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாற்றிய படத்தை விரும்பினார்கள், அவர்களின் நண்பர்கள் மாற்றாததை விரும்பினார்கள். நாம் நம்மைக் கண்ணாடியில்தானே பார்க்கிறோம்? அதனால் "நான் இப்படியா இருக்கேன்?" என்று ஒதுக்குகிற படம் மற்றவர் கண்ணுக்கு மிகச் சரியாக இருக்கக்கூடும். உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவர், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், இரண்டு பேரிடமும் மூன்று படங்களைக் காட்டுங்கள். "எது நல்லா இருக்கு?" என்று கேட்காதீர்கள், "யாரிடம் வேலையைக் கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். திரையில் பெரும்பாலானோர் பார்க்கப்போவது அந்த அளவில்தான்.

அரசாங்கப் படங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. பாஸ்போர்ட், விசா படங்களுக்கு வாய் மூடிய, உணர்ச்சி காட்டாத முகம் வேண்டும். அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கும் அனுமதி இல்லை. அந்தப் படத்தை அப்படியே லிங்க்ட்இன்னில் போடுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய. தயவுசெய்து வேண்டாம்.

[காட்சி: டச்சப்புக்கு முன்னும் பின்னும், கண்ணோரம் மட்டும் பெரிதாக]

கடைசியாக டச்சப். நீங்கள் கேட்காமலேயே ஸ்டுடியோவில் முகத்தை மாவு பூசிய மாதிரி வழவழப்பாக்கி, இரண்டு சுற்று வெளுப்பாகவும் ஆக்கிவிடுவார்கள். பருவை எடுக்கட்டும். நிறத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சிரிக்கும்போது கண்ணோரத்தில் விழும் கோடுகளைக் கண்டிப்பாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். இவ்வளவு பாடுபட்டது அந்தக் கோடுகளுக்காகத்தான்; அவற்றை அழித்துவிட்டால் முதலில் பார்த்தோமே, வலது பக்கத்துப் படம், அதுதான் மிஞ்சும். ஃபைலை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது முதலில் குழம்புவது இமை, முடி, கண்ணோரம் போன்ற நுணுக்கமான இடங்கள்தான். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவைக் கையோடு கொண்டுபோங்கள்.