அரசுப் பள்ளிக்கு முதல் தேவை கட்டடமா, ஆசிரியரா? "ஆசிரியரே" அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணியில் எனக்கு முன்னால் பேசியவர் நன்றாகவே பேசினார். இடிந்து விழும் கூரைக்குக் கீழே எந்த ஆசிரியராலும் பாடம் நடத்த முடியாது என்றார். கட்டடம் பளிச்சென்று இருந்தால்தான் பெற்றோர் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்றார். கட்டடம் என்பது ஐம்பது வருஷம் நிற்கும் சொத்து, அதில் போடும் பணம் வீணாகாது என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது அதன் அட்டவணையில் உள்ள கணக்கு. வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் நடக்க வேண்டும் என்பதும் அதே அட்டவணைதான். அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம். ஆசிரியர் இரண்டு பேர், ஆகவே எட்டு மணி நேரம். வகுப்போ ஐந்து. வகுத்துப் பாருங்கள், ஒரு வகுப்புக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 96 நிமிஷம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் அந்த 96 நிமிஷத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு பேரும் பள்ளிக்கு வந்த நாளில்தான் இந்தக் கணக்கு. ஒருவருக்கு வட்டார வள மையத்தில் பயிற்சி, அல்லது மருத்துவ விடுப்பு, அல்லது அந்தப் பணியிடமே காலி என்றால் 48 நிமிஷம். நான்கு சுவர் இருக்கிறது, டைல்ஸ் போட்ட தரை இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, பிள்ளைக்கு மட்டும் 48 நிமிஷம்.

அந்த 48 நிமிஷத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், தலைமை ஆசிரியர் மட்டும் இருக்கிறார். காலை உணவு சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும், வருகைப் பதிவைச் செல்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகள், அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித் தரும் எண்ணும் எழுத்தும் திட்டப்படி, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கும் ஐந்தும் ஒரு மூலையில். அந்த மூலையில் ஒரு பெண் குழந்தை கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறாள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறாள். அடுத்த கணக்கும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. சும்மா பார்த்தால் கவனமில்லாத பிள்ளை என்று தோன்றும். பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அந்தக் குழந்தை எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைத்தான் கழிக்கிறாள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. கடன் வாங்குவது என்றால் என்னவென்று யாரும் அவளுக்குப் புரிய வைக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷம் தலைமை ஆசிரியரிடம் இல்லை. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போதும் அவள் அங்கேயேதான் நிற்பாள். எதிரணி நண்பர்களே, இதைக் கண்டுபிடிக்கிற சுவர் ஒன்றை உங்களால் கட்டித் தர முடியுமா?

சரி, இது அரசுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் கட்டடத்துக்குப் பணம் வேகமாக வருகிறது, ஆசிரியருக்கு மெதுவாக வருகிறது? கட்டடம் ஒருமுறைச் செலவு. அறிவிக்கலாம், அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டில் பெயர் இருக்கும். ஆசிரியர் நியமனம் முப்பது வருஷச் சம்பளம், அகவிலைப்படி, ஓய்வூதியம். எந்த நிதித் துறையும் இதைத்தான் இழுத்தடிக்கும், எந்தக் கட்சி ஆட்சி என்பதே வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தார்கள், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய், புது வகுப்பறைகளுக்கு. நல்ல திட்டம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே வருஷம் ஜூன் மாதம் அதே அரசு இன்னொரு முடிவும் எடுத்தது. 13,331 காலிப்பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று தொகுப்பூதியம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு தொகையை உயர்த்தினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் முதலில் மனசில் வந்த தொகை எது என்று பாருங்கள். வகுப்பறைக்கு ஐந்தாண்டுத் திட்டம், அந்த வகுப்பறையில் நின்று இயற்பியல் நடத்துகிறவருக்கு நிரந்தர ஆசிரியர் வரும்வரை 12,000.

ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் நடத்தும் பகுதிநேர ஆசிரியர்கள் கதை இதைவிடப் பழையது. 2012 வாக்கில் 5,000 ரூபாயில் சேர்ந்தவர்கள் 12,500-ஐத் தொடுவதற்கு 2024 ஆகிவிட்டது. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதற்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்தவர்களைவிட அடிப்படைச் சம்பளத்தில் 3,170 ரூபாய் குறைத்து வைத்தார்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே பள்ளி. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் வந்து உட்காராத வருஷம் குறைவு.

இங்கே நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான் நடுவர் அவர்களே. காலிப்பணியிடம் என்பதைத் தானாக நடந்துபோன ஒன்றைப் போலப் பேசுகிறோம். அது அப்படி இல்லை. ஒரு ஆசிரியர் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேர்ந்த அன்றைக்கே அரசுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு ஆள் போடாமல் விடுவதும் அரசு எடுக்கும் முடிவுதான். அதற்கு அரசாணை இல்லை, செய்திக்குறிப்பு இல்லை, படம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு மாதமும் ஒரு சம்பளம் மிச்சமாகிறது. அந்த மிச்சம் 52-இல் 27-ஐக் கழிக்கத் தெரியாத குழந்தையிடமிருந்து எடுத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒரு இடம் காலி என்றால் 50 சதவீதம். அங்கே ஒரே ஒரு இடம் காலியானாலும் சட்டத்தை மீறியதாகத்தான் அர்த்தம்.

எதிரணித் தலைவர் காமராசரைச் சொன்னார், ஊர் ஊராகப் பள்ளி கட்டினார் என்று. நானும் அவரையேதான் சொல்லப் போகிறேன். 1954 முதல் 1963 வரை அவர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். அதில் என்ன நடந்தது? ஊர் மக்கள் இடம் கொடுத்தார்கள், கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார்கள், பெஞ்சு, கரும்பலகை, மணி, பிள்ளைகளுக்குச் சீருடை வரைக்கும் கொடுத்தார்கள். ஆசிரியரின் மாதச் சம்பளத்தை யாரும் கொண்டுவந்து மேடையில் வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. அது அரசின் பொறுப்பு. இன்றைக்கும் அதே நிலைமைதான். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவலாம். வகுப்பறை கட்டித் தருவார்கள், கழிப்பறை கட்டித் தருவார்கள், ஸ்மார்ட் போர்டு மாட்டித் தருவார்கள். முப்பது வருஷத்துக்கு ஒரு கணக்கு ஆசிரியரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று எந்த நிறுவனமாவது சொல்லுமா? கட்டடத்துக்கு நாலு கை நீளும், ஆசிரியருக்கு நீளக்கூடியது அரசின் கை ஒன்றுதான். அப்போது அரசின் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்?

அடுத்து, பாதுகாப்பு. இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 2004 ஜூலை 16 கும்பகோணம், 94 குழந்தைகள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள். இதைக் கேட்டுவிட்டு ஆசிரியர்தான் முக்கியம் என்று பேச உனக்கு மனசு எப்படி வருகிறது என்று எதிரணிச் சகோதரி கேட்டார். ஆபத்தான கட்டடத்தை இன்றைக்கே இடிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் செத்தது கட்டடத்துக்குப் பணம் ஒதுக்காததால் மட்டும்தானா? கும்பகோணத்தில் சமையல் கூடத்தில் பிடித்த தீ, மேலே கீற்றுக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் போனது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. அப்படி ஒரு இடத்தில் வகுப்பு நடத்தலாம் என்று அங்கீகாரம் தொடர்ந்தது எப்படி? பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. இரண்டும் அரசு நேரடியாக நடத்திய பள்ளிகள் அல்ல, அரசு உதவி பெறும் பள்ளிகள், அங்கே அரசின் வேலையே மேற்பார்வைதான். கட்டடத்தைக் காப்பாற்றுவதற்கும் ஆள்தான் வேண்டும், வருஷா வருஷம் நேரில் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆள்.

பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாததால் படிப்பு நிற்கிறது என்றும் அதே சகோதரி சொன்னார். உண்மை. எத்தனையோ பள்ளியில் கழிப்பறை இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது, ஏனென்றால் கழுவ ஆள் இல்லை, துப்புரவுப் பணியாளருக்குக் கொடுக்கும் சொற்பத் தொகைக்கு யாரும் வருவதில்லை. கட்டிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததன் விளைவு அந்தப் பூட்டு.

பெற்றோர் கட்டடத்தைப் பார்த்துத்தான் வருவார்கள் என்ற வாதம். அம்மா அப்பா முதலில் கட்டடத்தைப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது என்ன கேட்பார்கள்? "எத்தனை டீச்சர் இருக்காங்க?" ஐந்து வகுப்புக்கு ஒரு டீச்சர்தான் என்று தெரிந்தால் பிள்ளையை வேன் ஏற்றிவிடுவார்கள், கடன் வாங்கியாவது. இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் என்று சொல்லிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளை போகிறது, பிள்ளை போனதால் ஆசிரியர் இடம் போகிறது, கடைசியில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத பள்ளியை எதற்கு நடத்த வேண்டும் என்று இணைப்புப் பேச்சு வருகிறது. அந்த வளாகத்திலும் புதுக் கட்டடம் இருக்கலாம். பூட்டிய பள்ளிக்குள் அந்த ஐம்பது வருஷச் சொத்தை வைத்து என்ன செய்வது?

நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-25-இல் ஒன்றிய அரசு, தன் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, பள்ளிக் கல்விக்கு நிதி தரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்தப் பணம் வராதபோது பள்ளிச் சுவர் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் உட்பட, அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று காத்திருந்தார்கள். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எப்படி நினைத்தாலும் சரி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரின் சம்பளத்தைப் பேரத்தில் வைத்தது தவறு.

நேரம் முடிகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார், கடைசியாக ஒன்று. கட்டடம் முதலில், ஆசிரியர் அப்புறம் என்று சொல்லும் நண்பர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டடம் என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். எத்தனை வகுப்பறை வேண்டும் என்பதற்கு அங்கே இத்தனை சதுர அடி என்றோ, இத்தனை பிள்ளைக்கு ஒன்று என்றோ எழுதவில்லை. ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் எத்தனை பேர் என்று முடிவு செய்யாமல் கட்டடத்துக்குச் சட்டப்படி வரைபடமே போட முடியாது. அந்த வரிசைப்படியே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.